சுவரை இடிக்கிற கூலி மட்டும் பட்ஜெட் இல்லீங்க

ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்குற சுவரை எடுக்க மேஸ்திரி சொல்றது இடிக்கிற கூலி மட்டும்தான். 10 அடிக்கு 10 அடி, நாலரை இஞ்ச் சுவர்னாலே கிட்டத்தட்ட 2 டன் இடிபாடு. இறக்கணும், வண்டி பிடிக்கணும். சுவர் நின்ன இடத்துல தரை போடணும். பழைய டைல்ஸ் இப்போ கிடைக்குமா? ஒயரிங் தனி.

இதையெல்லாம் கூட சமாளிச்சிடலாம். பில்லர் இல்லாத பழைய வீட்டுல அந்தச் சுவரே மேல்தளத்தைத் தாங்கிட்டு இருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காம சுத்தியலைத் தொட விடாதீங்க. அவர் ஃபீஸை மிச்சம் பிடிக்கிறது, ஸ்கேன் எடுக்காம ஆபரேஷன் பண்ணச் சொல்ற மாதிரி.

டாக்டரா என் கவலை தூசி. செங்கல், சிமெண்ட் தூசியில சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா அதைச் சுவாசிச்சு வர்ற சிலிகோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணி தெளிச்சு இடிக்கச் சொல்லுங்க. வேலையாட்களுக்கு என்95 மாஸ்க் உங்க செலவுல வாங்கிக் கொடுங்க, துண்டு கட்டிக்கிறது போதாது. வீசிங் இருக்குற குழந்தையைத் தூசி அடங்குற வரைக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க.