தலையெழுத்தல்ல, தவறு!

"ஆயுள் அவ்வளவுதான்" என்பார் ஊர்ப் பெரியவர். "ஆண்டவன் அழைத்துக்கொண்டான்" என்பார் பூசாரி. "எங்களால் இயன்றதைச் செய்தோம்" என்பார் மருத்துவமனை அதிகாரி. சொற்கள் மூன்று, பொருள் ஒன்றே: கேள்வி கேளாதே, பிணத்தை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்!

கேளாமல் போனால், தவறிய கை மறுநாளும் தவறும். விதி என்ற சொல் நோயாளிக்கு ஆறுதல் அல்ல, கவனமற்றவனுக்குக் கவசம்!

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்திலே, சாத்தூர் அரசு மருத்துவமனையிலே, 2018 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா, தோழர்களே? கருவுற்ற பெண்ணொருத்திக்கு இரத்தம் ஏற்றினர். சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்திலே எச்.ஐ.வி. கிருமி இருந்தது! கொடுத்த இளைஞர் கயவரல்லர். உறவினருக்கு உதவ வந்தவர். 2016-இலேயே அவர் இரத்தத்தில் கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையிலே உண்மை அறிந்து, தாமே ஓடிவந்து எச்சரித்தார். காலம் கடந்துவிட்டது. மனம் உடைந்து நஞ்சருந்தி, அம்மாதமே மாண்டார்.

இது எந்தக் கோளின் கோளாறு? சனியா, இராகுவா? சோதனைக்கூடத்தின் கோளாறு! பதிவேட்டின் கோளாறு! ஒரு வரி எழுதி, ஒரு சொல் சொல்லியிருந்தால் தடுத்திருக்கக் கூடிய கோளாறு!

அந்தப் பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 சூலையில் ஆணையிட்டது. அதில் 15 இலட்சம் அவளுடைய இரு குழந்தைகளின் பெயரில் வைப்புத்தொகை. போன உடல்நலத்தைப் பணம் மீட்காது, மறுக்கவில்லை. ஆனால் அது பிச்சையன்று, பரிவுத்தொகையன்று. தவறியவர் தவறினார் என்பதற்கு அரசு எழுதிக்கொடுத்த ஒப்புதல்!

"இலவசமாகப் பார்த்த வைத்தியத்துக்கு இழப்பீடு வேறா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஏளனம் மட்டுமா? சட்டத்திலேயே அதன் நிழல் விழுந்திருக்கிறது. மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; நல்ல தீர்ப்பு. ஆனால் எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனை அதற்கு வெளியே என்றும் அதே தீர்ப்பு கோடு கிழித்தது. விளைவென்ன? கட்டணம் செலுத்திய இராசபாளையத்துக்காரர், பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் சென்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். இலவசப் படுக்கையிலே கிடந்த ஏழையோ உரிமையியல் நீதிமன்றத்திலே காத்துக் கிடக்க வேண்டும். அல்லது மதுரை வரை சென்று உயர்நீதிமன்றப் படியேற வேண்டும். பணமுள்ளவனுக்குப் பக்கத்து ஊர் நீதி. இல்லாதவனுக்குத் தொலைதூர நீதி!

இலவசம் என்கிறீர்களே, யார் வீட்டுப் பணம்? தீப்பெட்டி வாங்கும் கிழவி வரி செலுத்துகிறாள். நூற்பாலைத் தொழிலாளி வாங்கும் சட்டையிலே வரி இருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டுத்தான் ஏழை அரசு மருத்துவமனைக்குள் நுழைகிறான். சீட்டு மட்டும் கையில் இல்லை!

நீதி தொலைவில் மட்டுமா, காலத்திலும் தள்ளியே நிற்கிறது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே, காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிறார்கள் நம் தொழிலாளர்கள். காக்கவேண்டிய துணியே கொன்ற கதையைக் கேளுங்கள்: 1963-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையிலே, அறுவையின்போது ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டுத் தைத்தனர், அவள் மாண்டாள். 36,000 ரூபாய் இழப்பீட்டுக்கு அரசே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் உறுதி செய்தது 1996-இல்! சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையிலே 1996-இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் கண் சோதனை செய்யவில்லை, பார்வை போயிற்று. ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் தீர்ப்பு வந்தது 2015-இல். குழந்தை பெரியவளாகிவிட்டாள், வழக்கு அப்போதுதான் முடிந்தது!

"இப்படிக் கேட்டால் மருத்துவர் அஞ்சமாட்டாரா?" அஞ்சத் தேவையில்லை. முயன்றும் நோய் வென்றால் அது குற்றமாகாது. முடிவெடுப்பதில் நேரும் பிழையெல்லாம் கவனக்குறைவாகாது என்று 2005-இல் உச்சநீதிமன்றமே தெளிவாக்கியது. இரவு பகல் பாராது உழைக்கும் மருத்துவரை நாம் வணங்குவோம். அவரை அடிக்கக் கை ஓங்குவது காட்டுமிராண்டித்தனம். நாம் கேட்பது பழியன்று, பொறுப்பு. நியூசிலாந்து நாடு 1974 முதல், குற்றவாளியைத் தேடி அலையவைக்காமல், விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பொதுநிதியிலிருந்து ஈடு தருகிறது; சிகிச்சையால் நேர்ந்த கேடும் அதிலே அடங்கும். அங்கே இயலுமெனில் இங்கே ஏன் இயலாது? இலவச மருத்துவமனை நோயாளிக்கும் மாவட்டந்தோறும் ஒரு தீர்ப்பாயம், ஒரு நிதி — இதுவே நம் கோரிக்கை.

அது வரும்வரை, இளைஞர்களே, இருக்கும் கருவிகளை ஏழைக்கு எடுத்துக் கொடுங்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. முதல் வேலையாக அதை எழுத்திலே கேட்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை மறைத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டாண்டு. வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்திலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தர அது கடமைப்பட்டது.

சோதிடனிடம் சாதகத்தை நீட்டும் கை, மருத்துவமனையிலே குறிப்பேட்டைக் கேட்டு நீளட்டும். நெற்றியிலே எழுதியதை எவரும் படித்ததில்லை. குறிப்பேட்டிலே எழுதியதைப் படிக்கலாம், வாதாடலாம், வெல்லலாம்!