‘இழுவை’ என்போருக்கு

தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத் தமிழில் வாசித்துவிட்டு, “நல்ல கதைதான், ஆனால் ஒரே இழுவை, பாதியாகச் சுருக்கியிருக்கலாம்” என்போர் நம்மிடையே உள்ளனர். இவர்கள் எதைச் சுருக்கச் சொல்கிறார்கள்? 1866இல் வெளிவந்த அந்நாவலின் ஆறு பாகங்களில் முதலாவதிலேயே கொலை நடந்து முடிந்துவிடுகிறது. கொலையாளி ரஸ்கோல்நிகோவ் என்பதும் வாசகருக்குத் தெரியும். மிச்சமெல்லாம் ஒரு மனம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க எடுக்கும் அவகாசம். அதை வெட்டினால் எஞ்சுவது ஒரு கோடரிதான்.

குறை சொல்வதானால் வேறிடத்தில் சொல்லுங்கள். எம்.ஏ.சுசீலாவின் தமிழாக்கம் (2007) ஆங்கிலம் வழியே வந்தது. ருஷ்ய மொழியில் நம்மொழியைப் போலவே ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. விசாரணை அதிகாரி போர்பிரி சொல்லுக்குச் சொல் பணிவு விகுதி ஒட்டிப் பேசுகிறார். அந்தப் பணிவால்தான் ரஸ்கோல்நிகோவைச் சுற்றி வளைக்கிறார். அவ்விகுதிக்கு ஆங்கிலத்தில் இடமில்லை. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் இவற்றை ஊகிக்க வேண்டியவராகிறார். அது அவர் குற்றமன்று.

மொஸ்கோவில் கற்றுத் திரும்பிய வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். மூலத்தையும் தமிழையும் அருகருகே வைத்து ஓர் அத்தியாயத்தையாவது ஒப்பிட்டுத் தாருங்கள் என்று நமது இலக்கிய வட்டங்கள் அவர்களைக் கேட்கட்டும். கத்தரிக்கோலை அதுவரை கீழே வையுங்கள்.