பத்துப் பங்கு தண்ணீர்

தில்லி காலனிகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே அந்தச் சத்தம் கேட்டுவிடும். இரும்பு கேட்டில் பக்கெட் இடிக்கும் சத்தம். கார் துடைக்கிறவர் வந்துவிட்டார். ஒரு பக்கெட், ஒரு மக், இரண்டு பழைய துணிகள். இவ்வளவுதான் மூலதனம். ஏழரை மணிக்குள் பத்துப் பதினைந்து கார்கள் பளபளக்கும், அல்லது பளபளப்பது போலத் தோன்றும். மும்பையோ புனேயோ ஹைதராபாதோ, காட்சி இதேதான். பாஷைதான் வேறு.

இந்தப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கேனும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆல் பர்ப்பஸ் கிளீனர். கார் பைத்தியங்கள் செல்லமாக ஏ.பி.சி. என்கிறார்கள். டயர், மிதியடி, கதவிடுக்கு, சீட் என்று எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்பது பெயரிலேயே உள்ள வாக்குறுதி. பெயரை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன்.

கெட்டது இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வாங்கிவந்து எங்கள் காலனிக்காரரிடம் கொடுத்தேன். "டயர், சக்கரம், ஓரமெல்லாம் இதைப் போட்டுத் தேயுங்கள், பையா." அவரும் சிரத்தையாகத் தேய்த்தார். கேனில் இருந்ததை அப்படியே ஊற்றி, வெயிலில் ஊறவிட்டு, நிதானமாக. மறுநாள் பார்த்தால் ஜன்னல் ஓரத்து அலுமினியப் பட்டை முழுக்கத் தேமல் படர்ந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். எந்த பாலிஷும் அதை அசைக்கவில்லை.

"தண்ணீர் கலக்கவில்லையா?"

"கலந்தால் வேகம் போய்விடுமே, சாப்!"

கோபித்துக்கொள்ள முடியவில்லை. கேனில் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலம். அவருக்குப் படிக்கத் தெரிந்தது இந்தி. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நானோ படிக்கவில்லை.

வேகம் போய்விடும் என்ற அந்தக் கவலை அவருடையது மட்டுமல்ல. கார் வைத்திருக்கும் பெரும்பாலோரின் கவலையும் அதுதான். ஆனால் இந்தத் திரவம் நீர் கலந்து பயன்படுத்துவதற்கென்றே கெட்டியாகத் தயாரிக்கப்படுவது. எண்ணெயை நீரோடு சேரவைக்கும் நுரைப்பொருள், பிசுக்கைக் கரைக்கும் காரம், பல தயாரிப்புகளில் கொஞ்சம் கரைப்பான்: இவைதான் உள்ளே இருப்பவை. அழுக்கைச் சுற்றிவளைத்துத் தூக்குவது நுரைப்பொருள். அதன் அளவு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், மேலும் ஊற்றுவதால் பெரிய லாபம் இல்லை. வழுவழுப்புதான் மிஞ்சும். அதைக் கழுவ இன்னும் நாலு மக் தண்ணீர் வேண்டும்.

காரத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. சாதாரண கார் ஷாம்பூ ஏறத்தாழ அங்கேதான் நிற்கும். இந்த கிளீனர்களில் பல, கேனில் இருக்கும்போது 11, 12ஐத் தொடுகின்றன. இங்கே ஒரு சூட்சுமம். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தாலும் பி.எச். அதிகபட்சம் ஒரு எண்தான் இறங்கும். அதாவது நீர் கலந்தபின் அது பன்னீராகிவிடுவதில்லை. காரத்தின் அளவு குறைகிறது; அதனால் துடைத்தெடுக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. வெயிலில் காயவிட்டால் அந்த அவகாசமும் போச்சு. நீர் ஆவியாகிவிட, திரவம் கெட்டியாகிக்கொண்டே போய்க் கறையாக உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு கலப்பது? டயருக்கும் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்கும் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அரை லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் 100 மில்லி கிளீனர், மீதி நீர். காருக்குள்ளே பிளாஸ்டிக், துணி சீட், மிதியடிக்கு ஒன்றுக்குப் பத்து. அதே பாட்டிலுக்கு 45 மில்லி போதும். நெடுஞ்சாலையில் போய்வந்த பம்பரில் அப்பியிருக்கும் பூச்சிகளுக்கு ஒன்றுக்கு இருபது. இவை பொதுவான கணக்கு. கேனில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சட்டம். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கடைசியில் கிளீனரைச் சேருங்கள். மாற்றிச் செய்தால் பாட்டில் முழுக்க நுரைதான். காலி மினரல் வாட்டர் பாட்டிலில் மட்டும் கலந்து வைக்காதீர்கள். வீட்டில் யாராவது தாகத்தோடு வந்து எடுத்துவிடுவார்கள்.

சில இடங்களில் ஒன்றுக்கு இருபதுகூட வேண்டாம். வெறும் அலுமினியம், ஸ்பீடோமீட்டருக்கு மேலே உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், தொடுதிரை, மினுமினுப்பில்லாத மேட் பெயின்ட் ஆகியவற்றுக்கு ஈரத்துணியே மரியாதை. தோல் சீட்டுக்கு அதற்கென்றே தனி கிளீனர் இருக்கிறது. கார் உடம்பு முழுவதையும் இதில் குளிப்பாட்டுவதும் வீண்வேலை. காசு கொடுத்துப் போட்ட வாக்ஸை நாமே கரைத்து வழித்துவிடுகிறோம். அன்று மாலையே மழை பெய்தால் தெரியும், நீர் முத்து முத்தாக உருளாமல் படிந்து நிற்கும். (சலவைப் பவுடர் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பவர்களுக்கு: அதுவும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான். சரியாகக் கரையாத குருணை கீறலும் போடும்.)

எந்தத் தண்ணீரைக் கலக்கிறோம் என்பதும் முக்கியம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் நீரைப் பக்கெட்டில் பிடித்துவைத்துக் கார் கழுவுவது இப்போது பல வீடுகளில் வழக்கம். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால் கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளிக் கோலம். டயருக்கும் மிதியடிக்கும் பரவாயில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ காற்றிலிருந்து பிரிந்த ஈரம். உப்பு அநேகமாக இல்லை. வடிகட்டி ஸ்பிரே பாட்டிலில் ஊற்ற அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் அரசாங்கங்களும் சும்மா இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூர் வறண்டபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மே மாதமே தில்லியில் ஹோஸ் பைப்பால் கார் கழுவுவதற்கு 2,000 ரூபாய் அபராதம் வந்தது. கிளீனரைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள்தான் அலசவும் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. சரியாகக் கலந்தால் ஒரு டயருக்கு ஒரு மக் போதும். காருக்குள்ளே ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாலே போதும்.

இதையெல்லாம் அலுமினியப் பட்டைக்காகத்தான் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசியில் சம்பளம் வாங்க அவர் கை நீட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. விரல் நுனிகளில் தோல் உரிந்து, இடுக்குகளில் சிவப்பாக வெடிப்பு. குளிர்காலம் இல்லையே என்று கேட்டேன். "அந்த மருந்து சாப், கொஞ்சம் எரியும்" என்றார். புகார் சொல்லும் குரல் இல்லை. காரம் பிசுக்கைக் கரைக்கும்போது, அது டயரின் பிசுக்கா தோலின் எண்ணெயா என்று பார்ப்பதில்லை. நான்கு வாரமாக, எங்கள் வீட்டு கேனை எடுத்துக்கொண்டு மற்ற கார்களுக்கும் அவர் நீர் கலக்காமலே போட்டு வந்திருக்கிறார். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம். பட்டைக்காக நான் போட்ட சத்தம் காலனி முழுக்கக் கேட்டது. அந்தக் கையைப் பற்றி நான் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஸ்பிரே பாட்டில்கள். மனைவியின் நகப்பூச்சால் இரண்டிலும் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். கோடு வரைக்கும் தண்ணீர், அதற்கு மேல் மருந்து. ஒன்றில் டயர் படம், இன்னொன்றில் சீட் படம். சீட் நாற்காலி மாதிரி இருக்கிறது என்று அவர் சிரித்தார். ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஒரு அளவு சிறியதாக மாற்றிக் கொடுத்தபின் போட்டுக்கொள்கிறார். வெடிப்பு ஆறிவருகிறது. பட்டை அப்படியேதான் இருக்கிறது.