பாட்டு சொந்தமா, வாடகையா?

சார்மினார் எக்ஸ்பிரசில் ஊருக்குப் புறப்படும் தமிழ்த் தொழிலாளியின் கைபேசியில் நாலு பழைய பாடல்களாவது இல்லாமல் இராது. ஓடும் ரயிலில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே, செகந்திராபாத்தில் வண்டி ஏறுவதற்கு முன்பே பாடல்களை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கிருந்து இறக்குவது, எது சட்டப்படி சரி என்பதில்தான் குழப்பம்.

கேசட் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். பின்னர் மெமரி கார்டு வந்தது. பத்து, இருபது ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடைகள் முளைத்தன. வாடிக்கையாளர் காசு கொடுத்தார். ஆனால் அந்தக் காசில் பாட்டு எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு பைசாவும் போகவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2012 மார்ச்சில், இசைக் கம்பெனிகளின் வழக்கில் 104 பாட்டு இணையதளங்களை முடக்கும்படி கல்கத்தா ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

அதே ஆண்டில் சட்டத்திலும் முக்கியமான திருத்தம் செய்யப்பட்டது. அதற்கு முன்பு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் அதோடு சரி. திருத்தத்திற்குப் பின், தியேட்டருக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே, திருட்டுத்தனமாக இறக்கும் ஒவ்வொரு பாட்டும் கம்பெனி முதலாளியை மட்டும் பாதிப்பதில்லை. கூலிக்கு உழைப்பவன் இன்னொரு உழைப்பாளியின் கூலியைத் தடுப்பதாக ஆகிறது.

ஒரு கடை, ஒரு செயலி

நேர்மையாகக் காசு கொடுக்க நினைப்பவருக்கு வழி இருந்ததா? 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 'ஃபிளைட்' என்ற பாட்டுக் கடையை இணையத்தில் திறந்தது. 6 ரூபாய் முதல் ஒரு பாடலை எம்.பி.3 கோப்பாக வாங்கலாம். பூட்டு எதுவும் கிடையாது. ஆனால் 2013 ஜூனில் கடை மூடப்பட்டது. திருட்டுப் பதிவும், சில ரூபாய்களைச் சுலபமாகச் செலுத்த வசதி இல்லாததுமே காரணமாகக் கூறப்பட்டன. கடை போனாலும், வாங்கி இறக்கிய கோப்புகள் வாங்கியவரிடமே தங்கின.

அடுத்து வந்தது செயலிகளின் காலம். ஏர்டெல் நிறுவனம் 2014-ல் 'விங்க்' செயலியைத் தொடங்கியது. இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. ஆனால், டிப்ஸ் என்ற இசைக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. வானொலி, டெலிவிஷனுக்குச் சட்டம் தரும் கட்டாய அனுமதி இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019 ஏப்ரலில் பம்பாய் ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. 2022-ல் அப்பீலிலும் இதுவே உறுதியானது.

இதன் பொருள் எளிது. செயலி நடத்துவோர் ஒவ்வொரு கம்பெனியிடமும் தனித்தனியாகப் பேரம் பேசி அனுமதி வாங்க வேண்டும். பேரம் முறிந்தால், நேற்று கேட்ட பாட்டு இன்று காணாமல் போகும். 2024 ஆகஸ்டில் விங்க் செயலியே மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. செயலிக்குள் இறக்கிய பாடல்கள் செயலிக்கு வெளியே ஒலிக்காது. எனவே செயலி போனால் பாட்டும் போகும். முன்னது சொந்த வீடு; பின்னது வாடகை வீடு.

இன்றுள்ள வழிகள்

முதலாவது, மாதச் சந்தா. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவை இவ்வகை. ஸ்பாட்டிஃபையில் இறக்கும் வசதியுள்ள சந்தா கட்டினால் பாடல்களை இறக்கலாம். ஆனால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத் தொடர்பு வேண்டும். சந்தா நின்றால், இறக்கியவையும் நின்றுவிடும்.

இரண்டாவது, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பது. யூடியூபில் கம்பெனிகளே நடத்தும் பக்கங்களில் கேட்பது முறையானதே. அங்கிருந்து வேறு கருவி கொண்டு கோப்பாக உருவி எடுப்பது யூடியூபின் விதிக்குப் புறம்பு.

மூன்றாவது, விலைக்கு வாங்குவது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அங்கே விலைக்கு வாங்கும் பாடல் கோப்பில் பூட்டு இல்லை. சினிமா சாராத கலைஞர்கள் பலர் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக விற்கிறார்கள்.

பழைய பாட்டெல்லாம் இலவசம் என்ற எண்ணம் தவறு. ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு. அது முடிந்தாலும், வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. அது படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். கவிஞர் கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. பாரதியார் பாடல்களோ 1949-ல் சென்னை அரசாங்கம் வாங்கிப் பொதுவாக்கியவை. அவற்றை யாரும் பாடலாம், பதியலாம். ஆனால் பிறர் பதிந்ததை எடுத்து விற்க முடியாது.

என்ன செய்யலாம்?

மாதம் முழுவதும் புதுப்பாட்டு கேட்பவருக்குச் சந்தா லாபம். வருஷம் முழுவதும் அதே நூறு பாட்டைக் கேட்பவர், வாங்கக் கிடைப்பதை விலைக்கு வாங்கிவிடுவதே சிக்கனம். கணக்குப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

கம்பெனிகளும் ஒன்றை யோசிக்கவேண்டும். 2013-ல் ஆறு ரூபாய் செலுத்த வசதி இல்லை என்றார்கள். 2016-ல் யு.பி.ஐ. வந்துவிட்டது. டீக்கடையில் பத்து ரூபாயைக் கைபேசியில் செலுத்தும் தொழிலாளி, பாட்டுக்கும் அவ்வாறே செலுத்துவார். பூட்டில்லாத பாட்டை, தமிழில், கட்டுப்படியாகும் விலையில் விற்க ஒரு கடை வேண்டும். அது இல்லாதவரை, சட்டத்தை மட்டும் காட்டி மெமரி கார்டு வியாபாரத்தை ஒழிக்க முடியாது.