படத்துக்குள் வர மறுக்கிறவர்கள்

எங்கடை கலியாணங்களில் இப்போது பெண்மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் மண்டபத்தில் தொங்கும் திரையைத்தான் பார்க்க வேண்டும். மணவறையைச் சுற்றி நாலு கமெராக்காரரின் முதுகு. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, "பொறுங்கோ ஐயா, லைட் சரியில்லை" என்கிறார் வீடியோக்காரர். மேளமும் நிற்கிறது, சுபமுகூர்த்தமும் நிற்கிறது! நல்லநேரம் குறித்துத் தந்த சாத்திரியாரை விட இவருக்குத்தான் அதிகாரம். ஹேர்னிங், லண்டன், ரொறன்ரோ... எங்கே போனாலும் இதே கூத்து.

செலவைப் பற்றி எழுத வரவில்லை. காசும் உங்கடை, கடனும் உங்கடை. என் கோபம் வேறு. 500 பேர் வந்த கலியாணத்தில் படத்துக்குள் வர முண்டியடிக்கிற அதே சனம், 12 பேர் கூடுகிற கலியாணத்தில் கமெராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிக்கிறது. ஏன்?

நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளன் இல்லை. கிழமை நாட்களில் பக்டறி, மிச்ச நாளில் கமெரா. கோல்டிங்கிலும் பக்கத்து ஊர்களிலும் நடக்கிற சின்னக் கலியாணங்களுக்கு மட்டும் போவேன். அனேகமாக அக்செல்தோவ் சதுக்கத்து நகரசபைக் கட்டடத்தில். சட்டம் கேட்பது இருவரின் "யா", இரண்டு சாட்சிகள், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடம்தானே, லேசான வேலை என்று நினைக்கிறீர்களா? அங்கே "இன்னொருக்கால் கட்டுங்கோ" என்று சொல்ல ஏலாது. ஃபிளாஷ் அடித்தால் அந்தச் சின்ன அறையே துள்ளும். கமெராவின் சத்தத்தை நிறுத்திவிட்டு, யன்னல் வெளிச்சத்தை நம்பி, ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நான் பார்ப்பது மோதிரம் போடும் கணத்தை அல்ல. கேள்வி கேட்டு முடிந்து, "யா" என்று வாய் திறக்கும் முன் ஒரு மூச்சு எடுப்பார்கள் பாருங்கள், அதை. மண்டபக் கலியாணத்தில் அந்த மூச்சை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்காவின் கலியாணம். போரில் கணவரை இழந்தவர், வயது ஐம்பதுக்குக் கிட்ட. மாப்பிள்ளை விவாகரத்தானவர். அக்காவின் தம்பி வந்திருந்தார், பூங்கொத்தும் கொண்டுவந்தார், கண்ணும் கலங்கினார். எல்லாரையும் நிற்கச் சொல்லி நான் கமெராவைத் தூக்க, மெல்ல விலகினார். "அண்ணை, என்னை விட்டிட்டு எடுங்கோ. ஊரிலை பாத்தா கதைப்பினம்." அக்கா ஒன்றும் பேசவில்லை. அதே தம்பி தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு ட்ரோன் பிடித்தவர்!

அந்தச் சோடியைப் பிறகு கோல்டிங்ஹூஸ் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். எங்கடை ஆட்கள் 'அவுட்டோர் சூட்டிங்' என்று லிமோசினில் வந்து இறங்குகிற அதே கோட்டைதான். 1808 இல் அங்கே தங்கியிருந்த ஸ்பானியச் சிப்பாய்கள் இந்த நாட்டுக் குளிர் தாங்காமல் அளவுக்கு மேல் நெருப்பு மூட்டி, கோட்டையே எரிந்து போனது. (எங்கள் முதல் பனிக்காலத்தை நினைத்தால் அவர்களில் எனக்குக் கோபம் வருவதில்லை.) பிறகு எக்ஸ்னர் தம்பதியர் திருத்திக் கட்டியபோது பழைய சுவரின் சிதைவை மூடி மெழுகவில்லை. உடைந்த கல்லை உடைந்தபடி விட்டு, பக்கத்தில் புது மரத்தூண்களை எழுப்பினார்கள். அக்காவை அந்தச் சுவரடியில்தான் நிற்க வைத்தேன். சிரித்தா.

இன்னொன்று, ஜியோகிராபிஸ்க் ஹேவ் தோட்டத்து மூங்கில்களுக்குள். இரண்டு பெண்கள், ஒருத்தி எங்கடை பிள்ளை. தாய் கூறைச் சேலையோடு வந்து இருவருக்கும் அறுகரிசி போட்டார். தகப்பன் கார் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே இருந்தார். அடுத்த நாள் தாய்மாமனிடமிருந்து தொலைபேசி: "அந்தப் படங்களை அழிச்சுவிடுங்கோ. இது எங்கடை பண்பாடில்லை."

எது பண்பாடில்லை? ஆள் குறைவதா? சடங்கு இல்லாததா? அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமத்தில் பெரியார் ஐயரில்லாத கலியாணம் நடத்தி வைத்தது 1928 இல். சொந்தக்காரரோ நண்பர்களோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலிதான் வேண்டும் என்றில்லை என்று தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்தது 1967 இல். அப்படிப்பட்ட கலியாணம் ஊரறிய நடந்தால்தான் செல்லும் என்றில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து கலியாணம் செய்கிறவர்கள் ஊரைக் கூட்ட முடியாது என்பது நீதிபதிகளுக்கு விளங்கியிருக்கிறது. எங்கடை தாய்மாமன்களுக்குத்தான் விளங்கவில்லை.

ஒரே பாலினச் சோடிகளின் பதிவை உலகிலேயே முதலில் சட்டமாக்கிய நாடு இது, 1989 ஒக்டோபரில். கலியாணமாகவே ஏற்றது 2012 ஜூனில். அகதியாக வந்த எங்களுக்கு இந்த நாட்டின் கடவுச்சீட்டு வேண்டும், ஓய்வூதியம் வேண்டும், மனைவியைக் கூப்பிட இந்த நாட்டுச் சட்டம் வேண்டும். பிள்ளை அதே சட்டத்தில் தனக்குரியதை எடுத்தால் மட்டும் பண்பாடு வந்துவிடுமோ?

படம் என்றால் என்னவென்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? தபாலில் வந்த படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னவர்கள் நாங்கள். கலியாணம் உண்மைதான் என்று காட்ட குடிவரவு விண்ணப்பத்தோடு அல்பத்தையும் சேர்த்து அனுப்பியவர்கள். ஊரில் எரிந்த வீட்டிலிருந்து முதலில் தேடியது காணி உறுதியையும் கலியாணப் படத்தையும். இவ்வளவு தெரிந்தவர்கள் சொந்த அக்காவின் படத்திலிருந்து விலகினால், அது வெட்கத்தில் செய்தது என்று நான் எடுக்க மாட்டேன். நீ கலியாணம் கட்டியதற்கு நான் சாட்சியில்லை என்று அவளுடைய முகத்துக்கு முன்னால் சொல்வதுதான் அது.

தாய்மாமனுக்கு அன்றைக்கே சொன்னேன். பிள்ளைகள் கேட்டால் அழிப்பேன், நீங்கள் கேட்டு அழிக்க மாட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பிரதி கேட்டார்கள். ஒன்று காருக்குள் இருந்த தகப்பனுக்காம்.