காத்திருக்க ஒரு தமிழ் நாவல் வேண்டும்

என் கைப்பேசியில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, படித்ததில் பிடித்த கதைப் புத்தகங்கள். மற்றொன்று, இனி வரவிருப்பவை. வந்தவுடன் படித்தே ஆகவேண்டியவை. உயர்நிலை மூன்றில் தொடங்கிய பழக்கம் இது. முதல் பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் ஏறத்தாழச் சரிபாதி. இரண்டாவதில் அண்மைக்காலம் வரை ஒரு தமிழ்ப் புத்தகம்கூட இல்லை.

உடனே, இக்கால இளையர்களுக்குத் தமிழார்வம் குறைவு என்று யாராவது சொல்லக்கூடும். அதை நான் ஏற்கமாட்டேன். ஆர்வம் இல்லாதவர் முதல் பட்டியலில் பாதியைத் தமிழால் நிரப்பியிருக்க முடியாது. தமிழில் ஒரு கதைக்காகக் காத்திருக்க இங்கே வழியே இல்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் பிடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்கு என்றும் முதலிடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மேடானும் பினாங்கும் அதன் களம். வட்டிக்கடைத் தமிழர்கள், ஜப்பானியப் படை, இந்திய தேசிய ராணுவம் எல்லாம் வருகின்றன. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை நான் வரலாற்றுப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். அந்த நாளில் இந்த வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு தமிழ் இளைஞன் எதைக் கண்டு சிரித்திருப்பான், எதற்குக் கோபப்பட்டிருப்பான் என்று எனக்குக் காட்டியது இந்த நாவல்தான். தொடக்கப் பக்கங்கள் கொஞ்சம் கடினம். ஆனால் இடையிடையே வரும் மலாய்ச் சொற்கள் தமிழ்நாட்டு வாசகரைவிட நமக்கு எளிது. அந்த ஒரு சலுகை நமக்கு உண்டு!

அடுத்து அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழர்களின் கதை. பிறகு, 2008ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ சிறுகதைத் தொகுப்பு. ஆங்கிலத்தில் பிரசாந்தி ராமின் ‘நைன் யார்ட் சாரீஸ்’, பிரீத்தா சமரசனின் ‘ஈவ்னிங் இஸ் த ஹோல் டே’. இவை இரண்டும்கூடத் தமிழ்க் குடும்பங்களின் கதைகளே. ஒன்று சிங்கப்பூரைச் சுற்றியது, மற்றது ஈப்போவில் நடப்பது. தமிழ்க் குடும்பத்தை ஆங்கிலத்தில் படிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாட்டி பேசும் இடம் வந்தால் மனம் தானாகவே அதைத் தமிழில் கேட்டுக்கொள்கிறது.

சிக்கல் இரண்டாவது பட்டியலில்தான்.

‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் சூசன் காலின்ஸ் எழுதிய ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’ 2025 மார்ச்சில் வெளிவந்தது. 2024 ஜூனிலேயே எங்களுக்கு அந்தத் தேதி தெரியும். ஆர்.எஃப். குவாங்கின் ‘கட்டபாசிஸ்’ ஆகஸ்டில் வந்தபோதும் அப்படியே. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் கதையோ இன்னும் சுவையானது. அவருடைய வரிசையின் ஐந்தாம் நாவல் வந்தது 2011ல். அப்போது எனக்கு ஆறு வயது. ஆறாம் நாவல் இன்னும் வரவில்லை. வராத புத்தகத்துக்காக என் நண்பர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இந்தக் காத்திருப்பை வெறும் விளம்பர வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த மாதங்களில் பழைய பாகங்களை மறுபடி படிக்கிறோம். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கிறோம். இதுவரை படிக்காத நண்பரையும் இழுத்து வருகிறோம். புத்தகம் வருமுன்பே அதைப் பேச ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

தமிழுக்கு இது புதிதன்று. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை. நம் கொள்ளுத்தாத்தா காலத்து வாசகர்கள் அடுத்த இதழுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வந்து 26 நாவல்களாக முடிந்தது. காலையில் எழுந்ததும் அதைத் தேடிப் படித்தவர்கள் உண்டு. அவர்களில் என் வயதினர் எவரையும் நான் இங்கு சந்தித்ததில்லை.

காரணம் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பதிப்பகங்களின் புதிய நூல்கள் பெரும்பாலும் ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஒரே மூச்சில் வருகின்றன. அட்டைப்படம் வெளியாவதே சில வாரங்களுக்கு முன்புதான். நம் எழுத்தாளர்கள் பலரின் நூல்களும் அங்கேதான் அச்சாகின்றன. உள்ளூரில் நூல் வெளியீடு இருந்தால், விழாவுக்குச் சற்று முன்பு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வரும். தலைமை தாங்குபவர், வாழ்த்துரை வழங்குபவர், சிறப்பு விருந்தினர் என எல்லார் பெயரும் அதில் இருக்கும். கதை எதைப் பற்றியது என்று ஒரு வரி இருக்காது. சிற்றுண்டி உண்டு என்பது மட்டும் தெளிவாக இருக்கும்!

“பழையதையே இன்னும் படித்து முடிக்கவில்லை, புதியதற்கு என்ன அவசரம்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். 1997ல் அவர் மறைந்துவிட்டார். தேசிய சேவைக்குப் போகும் அண்ணனையோ, பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணையோ, தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும் எங்கள் உரையாடல்களையோ அவர் எழுதப்போவதில்லை. அவற்றை எழுத வேண்டியவர் இன்று நம்மோடு ரயிலில் போய்க்கொண்டிருப்பவர். தன் அடுத்த புத்தகத்தை இருபது வயதில் ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று அவருக்குத் தெரியாவிட்டால், அவர் யாருக்காக எழுதுவார்? விழாவுக்கு வரும் பெரியவர்களுக்காகத்தான். எழுத்தில் நாட்டமுள்ள என் தோழி ஒருவர் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். அங்கே படிக்க ஆள் இருக்கிறது என்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் இரண்டாவது பட்டியலின் அமைப்பை மாற்றினேன். தமிழ்ப் பகுதியில் தலைப்புக்குப் பதிலாக எழுத்தாளர் பெயர்கள். லதாவின் அடுத்த தொகுப்பு. ‘மரயானை’ எழுதிய சித்துராஜ் பொன்ராஜின் அடுத்த நாவல். அழகுநிலாவின் அடுத்த சிறுகதைகள். மலேசியாவிலிருந்து ‘பேய்ச்சி’, ‘சிகண்டி’ எழுதிய ம. நவீன். தேதிக்கான கட்டம் எல்லாவற்றிலும் காலி.

அந்தக் கட்டத்தை நான் மட்டும் நிரப்ப முடியாது. எழுத்தாளர்கள் முதல் அத்தியாயத்தையாவது சில மாதங்களுக்கு முன்பே எங்கள் கண்ணில் காட்டலாம். நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் ‘விரைவில் வருபவை’ என்று ஒரு சிறு பலகை போதும். பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் நாடகமும் விவாதமும் நன்றாகவே நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் அச்சாகாத ஒரு கதையை எழுதியவரே எங்களுக்கு வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்தால் என்ன? முன்வரிசையில் நான் இருப்பேன், சிற்றுண்டி இல்லாவிட்டாலும்.