மாலை யாருக்கு உரியது?

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், பனைமரங்கள் சூழ்ந்த வறண்ட நிலத்தின் நடுவே அமைந்த தலம் ராதாபுரம். அங்கே நித்யகல்யாணி அம்பிகையோடு எழுந்தருளியிருக்கும் ஈசனின் திருநாமம் வரகுணபாண்டீஸ்வரர். அடியவன் ஒருவனின் பெயரை ஆண்டவனே தன் பெயராக ஏற்றுக்கொள்வது எளிதில் வாய்க்கும் பேறன்று. அத்தகைய பேறு பெற்ற வரகுண பாண்டியனின்மீது ஓர் உயிரைப் போக்கிய பழி இருந்தது. திருவிளையாடற் புராணம் அதை மறைக்காமல் உரைக்கிறது.

வேட்டைக்குச் சென்ற பாண்டியன் இரவில் குதிரையேறித் திரும்பினான். வழியில் அயர்ந்து உறங்கிய அந்தணர் ஒருவர் குதிரையின் குளம்பில் மிதிபட்டு இறந்தார். மன்னன் அறியாமல் நேர்ந்தது அது. ஆயினும் பிரம்மஹத்தி அவனைப் பற்றிக்கொண்டது. தானங்கள் செய்தான், பரிகாரங்கள் செய்தான், நீங்கவில்லை. ஆலவாய் அண்ணலைச் சரணடைந்து வலம் வந்தான். திருவிடைமருதூரில் அப்பழி நீங்கும் என்று அருள்வாக்குக் கிடைத்தது. சோழனோடு நிகழ்ந்த போரில் அவனைத் துரத்திச் சென்ற வரகுணன் திருவிடைமருதூரை அடைந்து, கிழக்கு வாயில் வழியே கோயிலுக்குள் புகுந்தான். பிரம்மஹத்தி உள்ளே நுழைய இயலாமல் வாயிலிலேயே நின்றுவிட்டது. மன்னன் மகாலிங்கப் பெருமானை வணங்கி மேற்கு வாயில் வழியே வெளியேறினான். இன்றும் அத்தலத்தின் கிழக்கு வாயிலில் பிரம்மஹத்தியின் உருவத்தைக் காணலாம். அவ்வழியே உள்ளே சென்ற அடியவர்கள் அதே வழியில் திரும்பாமல் வேறு வாயில் வழியே வெளியேறுவது மரபு.

பாண்டிய மரபில் வரகுணன் என்ற பெயர் தாங்கியவர் ஒருவருக்கு மேல் உண்டு. புராணம் பேசும் வரகுணன் அவர்களுள் எவன் என்பது ஆய்வாளர்களின் பணி. அடியவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டியது வேறொன்று. பழிக்கு ஆளான ஒருவன் போற்றுதலுக்கு உரியவனாக முடியுமா? முடியுமெனில் எவ்வாறு?

இக்கேள்வி பழங்கதையோடு முடிந்துவிடுவதில்லை. பேரப்பிள்ளைகளின் அறைச் சுவர்களில் இன்று விளையாட்டு வீரர்களின் படங்கள் தொங்குகின்றன. அவ்வீரர்களுள் சிலரைப் பற்றி நாளிதழில் கசப்பான செய்திகளும் வருகின்றன. "தாத்தா, இவரைப் பிடிக்கும் என்று சொல்லலாமா?" என்று குழந்தை கேட்டால், வீட்டுப் பெரியவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒலித்த மணி

நவ்ஜோத் சிங் சித்து 1983ஆம் ஆண்டு இந்திய டெஸ்ட் அணியில் அறிமுகமானார். 1987ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், தாம் மட்டைபிடித்த முதல் நான்கு ஒருநாள் இன்னிங்ஸ்களிலும் தொடர்ந்து அரைச்சதம் அடித்தார். நாடே அவரைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, 1988 டிசம்பர் 27ஆம் நாள், பாட்டியாலா நகரச் சாலையில் வாகனத்தை நிறுத்தியது தொடர்பாக எழுந்த தகராற்றில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அப்போது சித்துவுக்கு வயது 25.

வழக்கு நீண்டது. 1999இல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் கொலைக்கு ஈடாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, காயம் விளைவித்த குற்றம் மட்டுமே நிரூபணமானதாகக் கூறி, 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. இறந்தவரின் குடும்பத்தார் மறுஆய்வு கோரினர். 2022 மே 19ஆம் நாள் அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடல்நிலை காரணமாகச் சில வாரம் அவகாசம் கோரினார் சித்து. அது கிட்டாத நிலையில் மறுநாளே சரணடைந்தார். ஏறத்தாழப் பத்து மாதம் பாட்டியாலா சிறையில் இருந்து, 2023 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தார். அடுத்த ஆண்டு அவரது கிரிக்கெட் வருணனை மீண்டும் தொலைக்காட்சியில் ஒலித்தது.

நிகழ்ச்சிக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 33 ஆண்டுகளுக்கு மேல். அவ்விடைவெளியில் அவர் சதங்கள் அடித்தார், மக்களவை உறுப்பினரானார், அமைச்சரானார், கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தார். அதே காலம் முழுவதும் ஒரு குடும்பம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் வாயில் மணியைக் கன்றிழந்த பசு அசைத்தவுடன் அரசன் எழுந்து வந்தான். தேரில் சென்றவன் தன் மகன் என்பதற்காக அவன் செவியைப் பொத்திக்கொள்ளவில்லை. பாட்டியாலாவில் அசைந்த மணியின் ஓசை, கைதட்டலின் பேரோசையில் எத்தனையோ ஆண்டுகள் எவர் காதிலும் விழவில்லை.

அனுமனின் பிள்ளைகள்

சுசில் குமாரின் கதை இன்னும் வேதனை தருவது. தில்லியை அடுத்த பாப்ரோலா கிராமத்தில் பிறந்த அவர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். மல்யுத்தத்தில் 1952க்குப் பின் இந்தியாவுக்குக் கிட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2010இல் உலகச் சாம்பியன் ஆனார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தேசியக் கொடியை ஏந்தி அணியை வழிநடத்தி, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். அவரைப் பார்த்து எத்தனையோ கிராமத்துச் சிறுவர்கள் மண்ணில் இறங்கி மல்யுத்தம் பழகினர்.

2021 மே மாதத் தொடக்கத்தில், தில்லி சத்ரசால் மைதானத்தில் 23 வயது இளம் மல்யுத்த வீரர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். சுசில் குமார் சிறுவயது முதல் பயின்று உயர்ந்த களம் அதுவே. இறந்தவரும் ஜூனியர் பிரிவில் தேசியச் சாம்பியனாக இருந்தவர். சில நாள் தேடலுக்குப் பின் மே 23 அன்று சுசில் குமார் கைது செய்யப்பட்டார். 2022இல் அவர்மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவாயிற்று. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அளித்த ஜாமீனை அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றத்தை அவர் மறுக்கிறார். நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவரைக் குற்றவாளி என்று கூற எவருக்கும் உரிமையில்லை. புகழாளர் என்பதற்காகவே அவரைக் குற்றமற்றவர் என்று சாதிப்பதும் அதே அளவு தவறு. தீர்ப்புக்குக் காத்திருக்கும் பொறுமையும் தர்மத்தின் ஓர் அங்கமே.

வட இந்திய மல்யுத்தக் களங்களில் அனுமனை வணங்கிய பின்னரே வீரர்கள் மண்ணைத் தொடுவர். அந்த அனுமன் இராவணனின் அவையில் கட்டுண்டு நின்றபோது நிகழ்ந்ததை ஆதிகவி வால்மீகி சுந்தர காண்டத்தில் காட்டுகிறார். எதிரியின் தோற்றத்தையும் கம்பீரத்தையும் ஆற்றலையும் கண்டு மாருதி வியந்தான். அதர்மம் மட்டும் இவனிடம் இல்லையெனில் தேவருலகையும் காக்கத்தக்கவன் என்றே எண்ணினான். ஆயினும் அவ்வியப்பு அவன் கால்களைத் தளர்த்தவில்லை. சீதாபிராட்டியைத் திருப்பி அனுப்பிவிடு என்று அதே அவையில் நேருக்கு நேர் உரைத்தான். திறமையைத் திறமை என்று ஒப்புக்கொள்ளவும், தீமையைத் தீமை என்று சொல்லவும் ஒரே உள்ளத்தில் இடமுண்டு என்பதே சொல்லின் செல்வன் காட்டிய வழி.

விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்று வாதிடுவோர் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. சித்து அடித்த ஓட்டங்கள் பொய்யாகிவிடா. சுசில் வென்ற பதக்கங்களின் பின்னுள்ள உழைப்பும் பொய்யன்று. அவற்றை வியப்பதில் குற்றமில்லை. பதக்கம் திறமைக்கு உரியது. ஆடுகளத்திலேயே அது அளிக்கப்பட்டுவிட்டது. மாலை மனிதருக்கு உரியது. ஒருவரின் கழுத்தில் மாலையிட்டு, இவரைப் போல் ஆகுக என்று பிள்ளைகளிடம் காட்டும்போது அவரது ஆட்டத்தோடு வாழ்வும் சேர்ந்தே காட்டப்படுகிறது.

பழி வேறு, துயரம் வேறு

கடந்த காலம் ஒருவரைத் துரத்துகிறது என்றாலே அவர் தவறு செய்தவர் என்று முடிவு கட்டுவதும் பாவமே. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை ஒன்றின் பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. எவரையும் அவர் ஏமாற்றவில்லை; எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. படைத்தவன் தந்த உடலோடு ஓடினார். ஊர்ப்பேச்சின் இழிவையும் சுமந்தார். பின்னர்த் தடகளப் பயிற்சியாளராகி ஏழைப் பிள்ளைகளை ஓடவைத்தார். இத்தகையோரின் கடந்த காலத்தில் இருப்பது குற்றமன்று, காயம். போற்றுதலைத் தயங்காமல் பெறவேண்டியவர்கள் இவர்களே. ஆனால் உலகம் பலநேரம் குற்றத்துக்குக் காட்டும் இரக்கத்தைக் காயத்துக்குக் காட்டுவதில்லை.

வசிஷ்டர் வாயால்

ராதாபுரத்துக்குத் தெற்கே, கூடங்குளம் அருகில், கடலோரத்தில் இருக்கிறது விஜயாபதி. விஸ்வாமித்திர மகரிஷி வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் சிவத்தலம் அது. காயத்ரி மந்திரத்தை உலகுக்கு உணர்த்திய அம்முனிவரின் முன்வாழ்வு கோபத்தால் எரிந்த வாழ்வு. வசிஷ்டரின் பசுவைப் பறிக்க முயன்றார். சினத்தால் அவருடைய புதல்வர்களையே அழியும்படி சபித்தார். பிறகு நெடுங்காலம் தவமிருந்தார். காமத்திலும் கோபத்திலும் மீண்டும் மீண்டும் வீழ்ந்து, மீண்டும் மீண்டும் எழுந்தார். முடிவில் பிரம்மதேவரே எதிர்வந்து அவரைப் பிரம்மரிஷி என்று அழைத்தார். விஸ்வாமித்திரர் அத்துடன் அமையவில்லை. வசிஷ்டர் அவ்வாறு அழைக்கவேண்டும் என்றார்.

இந்த ஓர் இடத்தில் புராணம் பெரிய நீதியைப் பொதித்து வைத்திருக்கிறது. படைத்தவனே பட்டம் தந்தாலும் புண்பட்டவர் ஏற்றுக்கொள்ளாதவரை அது முழுமை பெறாது. வசிஷ்டர் மனமுவந்து அழைத்தார்; இருவரும் நண்பராயினர். ஒரு வீரரின் பழைய பிழையை மன்னிக்கலாமா என்று ரசிகர்கள் பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை. மன்னிப்பு அவர்கள் கையில் இல்லை. அது பாதிக்கப்பட்ட வீட்டின் திண்ணையில் இருக்கிறது. அங்கே சென்று நிற்கும் துணிவு பிழைசெய்தவருக்கு வரவேண்டும்.

தண்டனையை ஏற்று முடித்தவரைக் காலமெல்லாம் இகழ்வதும் முறையன்று. அரசன் விதித்த தண்டனையை ஏற்றவன் தூய்மையடைகிறான் என்ற தர்மத்தை இராமபிரானே வாலியிடம் எடுத்துரைக்கிறார். அவ்வகையில் சிறைவாசம் முடித்து வந்தவர் உழைத்து உண்ணவும், தம் கலையைத் தொடரவும் உரிமையுடையவர். அவர் மனத்துள் நிகழ்ந்த மாற்றத்தை அந்தர்யாமி ஒருவனே அறிவான். புறத்தே நிற்போர் காணக்கூடிய அடையாளங்கள் மூன்று உண்டு. நடந்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளுதல், விதித்ததைக் குறுக்குவழி தேடாமல் ஏற்றல், புண்பட்டவருக்கு இயன்ற ஈடு செய்தல். இம்மூன்றும் இருக்குமிடத்தில் போற்றுதல் மெல்ல வளரலாம். இல்லாத இடத்தில் வியப்போடு நின்றுவிடுவதே நலம்.

தென்மாவட்டக் கிராமங்களில் திருவிழாவையொட்டிக் கபடிப் போட்டிகள் நடைபெறும். புகழ்பெற்றவரை அழைத்து, சந்நிதியில் மாலையும் பரிவட்டமும் அளித்துச் சிறப்பிக்கும் வழக்கமும் உண்டு. சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலை பிரசாதம். அதை வணங்கவரும் எவரும் பெறலாம். கோயிலின் வாயில் பாவிக்கும் திறந்திருக்கிறது என்பதற்கு வரகுணனே சான்று. ஆனால் பரிவட்டம் ஊர் தரும் மரியாதை. அதைக் கட்டுமுன், வந்திருப்பவரின் புகழை மட்டுமன்றி நடத்தையையும் நிர்வாகிகளும் ஊர்ப்பெரியவர்களும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எதிரே மணலில் அமர்ந்து சிறுவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரகுணன் தன் குதிரையைக் குறைகூறவில்லை. இருட்டைக் குறைகூறவில்லை. வழியில் உறங்கியவர்மீது பழி போடவில்லை. பழி நீங்கியபின்னும் பிரம்மஹத்தியின் உருவம் வாயிலிலிருந்து அகற்றப்படவில்லை. ஈசன் மன்னித்தான், நடந்தது நடக்கவில்லை என்று ஆக்கவில்லை. மன்னிப்பும் நினைவும் ஒரே கோயிலில் இருக்கின்றன.

பேரப்பிள்ளை கேட்கும் கேள்விக்கு இதுவே விடையாகலாம். "ஆட்டத்தை ரசி, குழந்தாய். அவர் செய்த பிழையையும் அறிந்துகொள். அதனால் துன்புற்றவர்களுக்காகவும் ஒரு நிமிடம் பிரார்த்தி. பிழைசெய்தவர் திருந்தி எழுந்தால் அதையும் கொண்டாடு." படத்தைச் சுவரிலிருந்து கிழித்தெறியச் சொல்வதைவிட இது குழந்தையின் மனத்தில் நெடுநாள் நிற்கும். நித்யகல்யாணி உடனுறை வரகுணபாண்டீஸ்வரர், பிழைசெய்தவர்க்கு ஒப்புக்கொள்ளும் துணிவையும் புண்பட்டவர்க்கு ஆறுதலையும் காண்போர்க்குத் தெளிவையும் அருள்வாராக!